கம்பளிக்குள் பாடிய பாட்டு

மழை பிடிப்பதற்கு முன்னால் கம்பளிகளை வெளுக்கப் போட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். மழை பிடித்து வீடெல்லாம் ஆட்டு வாடை அடித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவேன். இந்த வருஷமும் அதே கதை. இரண்டு கம்பளிகளையும் சுருட்டி ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் திணித்து, கால்களை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு விஜயநகர் தெருமுனையிலிருக்கும் டிரை கிளீனிங் கடைக்குப் போனேன். முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்பிள்ளை அப்படி வண்டி ஓட்டுவதைப் பார்க்கக் கண்றாவியாகத்தான் இருந்திருக்கும்.

கடையில் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பளிகளைக் கவுன்டரில் போட்டேனோ இல்லையோ, அந்தப் பாட்டு ஆரம்பித்தது. "உம் பாதையில ஓடி வந்தவன் யாரு? நான்தான்டி, நான்தான்டி, திரும்பித் திரும்பிப் பாரு." உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாண வரவேற்பிலும் பிள்ளையார் ஊர்வலத்திலும் அதைப் போடாத ஆள் கிடையாது.

கடைக்காரர் நல்ல மனுஷர். நான் தமிழ் என்று அவருக்குத் தெரியும். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, "நிம் தமிழ் ஹாடு சக்கத்தாகிதே அல்வா மேடம்?" என்றார். உங்கள் தமிழ்ப் பாட்டு பிரமாதம் என்கிறார்.

"மொதலு ஆஃப் மாடி அதன்னா" என்று கத்திவிட்டேன். துணி வாங்க வந்திருந்த அம்மாள் ஒருத்தி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அவர் பாட்டை நிறுத்திவிட்டு, காய்ச்சலா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பாவம், அவர் என்ன செய்வார்? அவரிடம் எதைச் சொல்வது? அந்தப் பாட்டில் 'டொப் டொப்' என்று ஓர் அடி விழுகிறதே, அது மத்தளம் இல்லை ஐயா, சரியாக ஒட்டாத டைல்ஸ் என்று சொன்னால் நம்புவாரா?

டைல்ஸ் ஒட்டுகிறவர்களை வேலை நேரத்தில் கவனித்திருக்கிறீர்களா? ஒட்டி முடித்ததும் ரப்பர் சுத்தியலால் மூலைக்கு மூலை தட்டிக்கொண்டே போவார்கள். அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டக்' என்று கேட்கும். உள்ளே காலியாக இருந்தால் 'டொப்'. டொப் என்று கேட்டால் பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டும். என் அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்த கட்டட மேஸ்திரி. மெட்டகள்ளியில் வாடகை வீடு. அப்பாவின் வேலையிடத்துக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. அங்கேதான் மாதேஷைப் பார்த்தேன். கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரன். அவன் டைல்ஸ் ஒட்டினான், அவன் அம்மா ரங்கம்மா அதே இடத்தில் சித்தாளாகக் கலவை சுமந்தாள்.

எல்லோரும் தட்டுவார்கள். இவன் தட்டுவதில் ஒரு நடை இருந்தது. டக் டக் டொப், டக் டொப் டொப். அதற்கு மேல் வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவான். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தாளம் உண்டாக்கப் பழகிக்கொண்டிருந்தேன். பெரிய இசைமேதை என்கிற நினைப்பு வேறு. நான் அதுவரை செய்திருந்ததெல்லாம் மிக்ஸி ஓடுகிற மாதிரிதான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

"என்னடா முணுமுணுக்கறே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. இந்தூட்டு ஓனர வஞ்சிட்டிருக்கேன்" என்றான்.

அந்த வசவுதான் பாட்டானது. கேளுங்கள்:

"ஒம்பட பாத்ரூமுக்கு ஓடு ஒட்டுனவன் ஆரு?
நாந்தான் சாமி, நாந்தான் சாமி, கையத் தொட்டுப் பாரு
அவசரமுன்னு வந்து நின்னா அல்லி ஹோகுங்கறே
அல்லின்னா எங்க சாமி? காலி சைட்டு ஓரமா?"

'ஒம்பட' என்றால் உன்னுடைய, 'அல்லி ஹோகு' என்றால் அங்கே போ. விஜயநகரில் வீடு கட்டிய யாரும் வேலைக்காரர்களிடம் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. தான் கல் கல்லாகப் பார்த்து ஒட்டிய பாத்ரூமுக்குள் அவன் ஒரு தடவை போகக்கூடாது. அடுத்த மனையின் முட்செடிக்குப் பின்னால் போக வேண்டும். இன்று நான் குடியிருக்கிற தெருவிலும் இதேதான் நடக்கிறது. போன மாதம் எதிர்வீட்டுக்காரரிடம் இதற்காகச் சண்டை போட்டேன். அதிலிருந்து அவர் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

கம்பளிக்கு வருகிறேன். பாட்டைப் பதிவு செய்ய ஸ்டுடியோவுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு இரும்புப் பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து, அவற்றின் மேல் இரண்டு கம்பளிகளைப் போர்த்திவிட்டால் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். மைக்கை அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு மேல் வைப்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு முழுக்கத் தூங்குகிற நேரம் பார்த்து மாதேஷ் உள்ளே போவான். பாடி முடித்து வெளியே வரும்போது ஆவியில் வெந்த மாதிரி இருப்பான். கம்பளி வாடை, பாச்சை உருண்டை வாடை, வேர்வை. பண்டிகைக்குக் கட்டப் பீரோவிலிருந்து புடவையை எடுத்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "எவன் கட்டிட்டுப் போனான் இத?" என்று கேட்டதுண்டு. இந்த ஸ்டுடியோவினால்தான் எனக்குப் பீரோ அக்கா என்று பெயர் வந்தது. என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாதேஷுக்கு டைல்ஸ் என்று பெயர்.

பெயர் வைத்தது ஏரிக்கரை வட்டம். ஞாயிறு காலையில் நடைப்பயிற்சி ஆட்கள் கலைந்த பிறகு, குக்கரஹள்ளி ஏரிக்கரையில் பையன்கள் வட்டமாக நிற்பார்கள். ஒருத்தன் வாயாலேயே தாளம் போடுவான். மற்றவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அவரவர் கட்டியதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கன்னடப் பையன்கள். பட்டறையில் வேலை செய்கிறவன், பெயின்ட் அடிக்கிறவன், பாலிடெக்னிக்கில் பெயிலானவன். அங்கே இரண்டே சட்டம். பேப்பரையோ போனையோ பார்த்துப் படிக்கக்கூடாது, பார்த்தால் வெளியே. அடுத்தவன் வரியை எடுக்கக்கூடாது. எடுத்தால் அவன் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். நஞ்சன்கூடு பக்கத்துப் பையன் ஒருத்தன் யாரோ சொன்ன ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஏரிப் பக்கமே வரவில்லை. அடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அவன் வாய் திறந்ததும் எல்லோரும் திரும்பி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

மாதேஷ் முதல் நாள் நடுங்கிப்போய் நின்றான். அவன் வாயில் வருவது வீட்டுத் தமிழ், நடுநடுவே கன்னடம். ஹனூரில் அப்படித்தான் பேசுவார்கள். அவன் ஆரம்பித்ததும் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் 'அல்லி ஹோகு' வந்த இடத்தில் பெயின்ட் அடிக்கிற பையன் கத்தினான், "ஒன்ஸ் மோர் குரு!" பாதித் தமிழ் புரியாதவர்கள்கூட அதைக் கேட்டுச் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் முட்செடிக்குப் பின்னால் போனவர்கள்தானே.

அந்தச் சட்டத்தினால்தான் மாதேஷ் ஒரு வரி எழுதினது கிடையாது. எழுதுவதை அவமானமாக நினைத்தான். தலைக்குள்ளேயே கட்டி, தலைக்குள்ளேயே திருத்துவான். சுவர் பக்கம் திரும்பி டைல்ஸ் ஒட்டுகிற ஆளை யாரும் கவனிக்காததால் அதற்கு நாளெல்லாம் நேரம் இருந்தது. பதிவு செய்த பாட்டை நெட்டில் ஏற்றியதும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவோம். வேறு வழியில்லை. அடுத்த பாட்டுக்கு அதில் இடமிருக்காது. வட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். "அதான் நெட்டுல இருக்குதுங்களே" என்பான் மாதேஷ், ஏதோ நெட்டு அவன் ஊர் மலைக்கோயில் மாதிரி.

பாட்டு ஊருக்குள் போயிற்று. லட்சக்கணக்கில் கேட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். கலவை மிஷின் பக்கத்தில் யாருடைய போனிலாவது அது ஓடும். வீட்டுச் சொந்தக்காரரின் கார் தலை மறைந்ததும் சென்ட்ரிங் ஆட்கள் மேலேயிருந்து ஒரே குரலாக "அல்லி ஹோகு!" என்று கத்துவார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது நடுவில் வரும் நீளமான பகுதி. அது ரங்கம்மாவைப் பற்றியது. வெயில் கொளுத்துகிற நாளில் அவள் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வீட்டம்மாள் டம்ளர் எடுக்கவில்லை. செடிக்கு ஊற்றுகிற ஓஸ் பைப்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரங்கம்மா குனிந்து, தலையில் சும்மாட்டோடு, அந்தப் பைப்பிலிருந்து குடித்தாள். மாதேஷ் அப்போது ஜன்னலுக்கு உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். அதை அவன் கம்பளிக்குள்ளிருந்து சொன்னபோது நான் அழுதுவிட்டேன். பிறகு பாட்டை ரங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். "எங்கதைய எதுக்குடா ஊரெல்லாஞ் சொல்றே" என்று திட்டினாள். திட்டிவிட்டு, "இன்னொருக்காப் போடு" என்றாள்.

இதுவரைக்கும் சொன்னது நல்ல காலம். இனிமேல் சொல்வதைச் சாந்தமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். மேடைக்குப் பின்னால் விழா நடத்துகிறவன் வந்து, "ஸ்வல்ப தமிழ் கம்மி மாடு குரு" என்றான். எதைக் குறைப்பது? அவன் அம்மாவையா? மாதேஷ் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மேடையேறித் தன் பாட்டைத் தன் வாயால் சொன்னான். நான்காவது வரியில் மைக்கை நிறுத்திவிட்டார்கள். மைக் இல்லாமலே அவன் கத்தினான்: "நானூ இல்லே ஹுட்டிதவனு!" நானும் இங்கேதானடா பிறந்தேன் என்று. முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. அடுத்து நடனம் என்று அறிவித்துவிட்டார்கள்.

சரி, இங்கே தமிழன் என்கிறார்கள், தமிழ்நாட்டில் கொண்டாடுவார்கள் என்று நினைத்தோம் பாருங்கள், எங்களைவிட அசடு உண்டா? சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி கூப்பிட்டது. அவர்கள் கேட்டபடி தாளத்தையும் குரலையும் மறுபடி பதிவு செய்து, ஒரே ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போனோம். மாதேஷ் புதுச்சட்டை போட்டிருந்தான். ரயிலில் கசங்கிவிடும் என்று வழியெல்லாம் சாயாமலே உட்கார்ந்து வந்தான். கண்ணாடி அறை, குளிர், காபி. தாடி வைத்த ஒருவர் பாட்டைக் கேட்டுவிட்டு, "எனர்ஜி செம ப்ரோ. ஆனா இது என்ன தமிழ்? பாதி கன்னடமா இருக்கு. ஆடியன்ஸுக்கு ஒட்டாது" என்றார்.

"நாங்க பேசறது இப்பிடித்தானுங்க."

"நீங்க தமிழா, கன்னடமா?"

"நாங்க ஹனூருங்க" என்றான் மாதேஷ். அதைவிடச் சரியான பதில் இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அவர்கள் சிரித்தார்கள்.

"பாத்ரூம், கக்கூஸெல்லாம் யாரு ப்ரோ கேப்பாங்க? ஒரு லவ் ஆங்கிள் வேணும்" என்றார் தாடி. பிறகு என்னிடம் திரும்பி, தாளம் தனியாக, குரல் தனியாக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கலந்து பார்ப்பார்களாம். பென்டிரைவையே கொடுத்தோம். கொடுக்காமல் என்ன செய்வோம்? ஒரு வரியை எடுத்தவன் வெட்கப்பட்டு ஏரிப் பக்கமே வராமல் போன இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஒரு முழுப் பாட்டையே எடுத்துக்கொண்டு மாலை போட்டுக்கொள்வார்கள் என்று எந்தக் கனவில் கண்டோம்?

அவர்கள் பெயரில் பாட்டு வந்தது. என் டைல்ஸ் சத்தம், அவன் நடை, அவன் நிறுத்தும் இடங்கள், அவன் மூச்சு வாங்கும் இடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. குரல் வேறொருவனுடையது. பாத்ரூம் போய்ப் பாதை வந்துவிட்டது. 'சாமி' போய் 'டி' வந்துவிட்டது. ரங்கம்மா ஓஸ் பைப்பில் தண்ணீர் குடித்த இடத்தில், ஒரு பெண்ணின் உதட்டில் இவன் தேன் குடிக்கிறான். திருடுவதில் ஒரு மரியாதைகூட இல்லை பாருங்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம் அதுதானா?

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. அவர்கள் பாட்டு வந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் பாட்டு நெட்டிலிருந்து காணாமல் போயிற்று. ஏன் என்று கேட்டதற்கு, இது இன்னொருவருடைய பாட்டின் நகல், அதனால் நீக்கப்பட்டது என்று ஒரு பதில். மனுஷன் எழுதிய பதில்கூட இல்லை, மிஷின் அனுப்பியது. எவன் சட்டையையோ உருவிக்கொண்டு போய், பிறகு அவனையே அம்மணமாகத் திரிகிறான் என்று போலீசில் பிடித்துக் கொடுப்பதுபோல. வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். பொறுமையாகக் கேட்டார். "எழுதி வெச்சது ஏதாவது இருக்கா? ஒரிஜினல் பதிவு?" என்றார். வட்டத்தில் எல்லோரையும் கேட்டுப் பார்த்தோம். யாரிடமும் இல்லை. எல்லோரும் நெட்டில்தான் கேட்டிருந்தார்கள். கம்பெனிக்குப் போன் செய்தால் தாடிக்காரர் எப்போதும் மீட்டிங்கில் இருந்தார்.

அதற்குப் பிறகு மாதேஷ் ஏரிக்கரைக்கு வரவில்லை. கடைசியாக வந்த அன்று அவன் வாய் திறந்ததும், "ஏய், அந்தப் பாட்டு மாதிரியே இருக்குடா" என்றான் புதிதாக வந்த பையன் ஒருத்தன். தன் நடையைத் தானே திருடியவனாக நிற்க அவனால் முடியவில்லை. முழங்கால் போய்விட்டதால் டைல்ஸ் வேலையையும் விட்டான். இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் செக்‌ஷன். வட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

டிரை கிளீனிங் கடையில் கத்திவிட்டு வந்த கோபம் ஒரு வாரமாகியும் எனக்கு இறங்கவில்லை. சரி, பாட்டை மறுபடியும் பதிவு செய்தால் என்ன, நல்ல மைக் வாங்கலாம், இந்தத் தடவை எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது. அதை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். முதல் இரண்டு வருஷம் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே மாதேஷ் எழுந்து போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நஞ்சன்கூடு போனேன்.

ரங்கம்மாவுக்கு என்னைக் கண்டதும் அவ்வளவு சந்தோஷம். "எளைச்சுட்டியே கண்ணு" என்றாள். நான் இளைத்திருக்கிறேன் என்று சொல்ல உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். கண் பார்வை மங்கிவிட்டது. மாதேஷ் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவன் எழுந்து போகவில்லை. சிரித்தான்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கக்கா?"

"ஏன்டா, அக்கா இத்தன தூரம் வந்திருக்குதுல்ல?" என்றாள் ரங்கம்மா. "என்னயப் பத்தி ஒண்ணு சொல்லுவியே, அதச் சொல்லு. கேட்டு எத்தன நாளாச்சு."

அவன் தரையில் தட்ட ஆரம்பித்தான். ஒம்பட பாத்ரூமுக்கு, நாந்தான் சாமி, அல்லி ஹோகு, எல்லாம் பிசகாமல் வந்தது. குரலில் அதே கோபம். போனைப் பதிவில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். பிறகு நடுப்பகுதிக்கு வந்தான். வாயைத் திறந்தான். தேன் வந்தது. உதடு வந்தது. இரண்டு வரி அப்படியே போய்விட்டு நிறுத்தினான்.

தலையை உதறிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே இடத்தில் மறுபடியும் அந்த உதடு. மூன்றாவது முறை அந்த இடம் வந்ததும் தரையை ஓங்கி அறைந்தான்.

"இதில்லடா" என்றாள் ரங்கம்மா. "நாந் தண்ணி குடிச்சது வரோணும். இதாரு, ஏதோ பொம்பளையச் சொல்றே?"

அவன் என்னைப் பார்த்தான். பீரோ அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா என்கிற பார்வை. அந்தப் பாட்டை எத்தனை தடவை ஓட்டி ஓட்டிக் கேட்டு வெட்டி ஒட்டியவள் நான். கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். நடை வந்தது, தட்டு வந்தது. வார்த்தை என்று எது வந்தாலும் அவர்களுடையது வந்தது. கடையிலும் கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் போட்டுப் போட்டு, எங்கள் தலைக்குள்ளிருந்ததையும் அழித்துவிட்டார்கள்.

"சரி உடு கண்ணு, நெனப்பு வர்றப்பச் சொல்லு" என்று ரங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சோறு பார்க்கப் போனாள்.

விஜயநகரில் அந்த வீடு இருக்கிறது. மாதேஷ் ஒட்டிய டைல்ஸ் ஒன்றுகூடப் பெயரவில்லை. அந்த வீட்டம்மாள் இன்றும் சாயங்காலமானால் பைப்பைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விடுகிறாள். ரங்கம்மா அங்கே தண்ணீர் குடித்ததை அவள் மகன் சொன்ன வார்த்தைகள் மட்டும்தான் இப்போது எங்கேயும் இல்லை.